லிட்டர் என்ன விலை என்பது பாதிக் கேள்விதான்

ரமணாசிரமத்துக்கு எதிரே செங்கம் சாலையில் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர், போன வாரம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார். குளிர்காலம் வந்துவிட்டால் அந்தப் பகுதியில் வெளிநாட்டவர் கூட்டம் அதிகம். ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்று பல நாட்டவர் வீடெடுத்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, உங்கள் ஊரில் பெட்ரோல் என்ன விலை என்று இவர் கேட்டிருக்கிறார்.

“அண்ணா, ஜெர்மனில லிட்டர் நூத்தி எழுபத்தஞ்சு ரூபாயாம். நம்ம ஊர்ல நூத்தி ஒண்ணு, நூத்தி ரெண்டு. அப்ப நமக்கு மலிவுதானே? நாமதான் சும்மா கத்திட்டு இருக்கமா?”

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. பெட்ரோல் விலையைப் பற்றி யாராவது முணுமுணுத்தால், உலகத்தில் எங்கெங்கே எவ்வளவு என்று பட்டியல் போட்டு வாயை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் இருக்கும் விலை பொய்யில்லை. ஆனால் விலை மட்டும் எழுதிய பட்டியலில் மூன்று விவரங்கள் விடுபட்டிருக்கும்: அந்த நாட்டுத் தொழிலாளியின் கூலி என்ன, விலையில் வரி எவ்வளவு, அந்த வரி மக்களிடம் என்னவாகத் திரும்புகிறது. இம்மூன்றையும் வைத்துத்தான் நாடுகளை ஒப்பிட வேண்டும்.

கூலியை வைத்துப் பார்ப்போம்

ஜெர்மனியில் 2025-ல் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. பெட்ரோல் லிட்டர் சுமார் 1.70 யூரோ. பிடித்தங்கள் போவதற்கு முந்தைய கணக்கில், அங்கே பாத்திரம் கழுவும் தொழிலாளிகூட ஒரு மணி நேரம் வேலை செய்தால் ஏழு லிட்டர் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். வெயிலில் ஒரு நாள் முழுக்க மண் வெட்டினால் மூன்று லிட்டர். கொஞ்சம் சில்லறை மிச்சம். அங்கே ஒரு மணி நேரத்துக்கு ஏழு லிட்டர், இங்கே ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். இப்போது எந்த ஊரில் மலிவு என்று ஆட்டோ தம்பியே சொல்லிவிடுவார்.

வரியும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜெர்மனியில் பெட்ரோல் விலையில் பாதிக்கு மேல் வரிதான். எரிசக்தி வரி மட்டுமே லிட்டருக்கு 65.45 சென்ட், அதையும் சேர்த்த தொகைக்கு மேல் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி. அமெரிக்காவில் மத்திய அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட். நம் கணக்கில் லிட்டருக்கு நாலு ரூபாய்ச் சொச்சம். 1993 முதல் அதை உயர்த்தவே இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் வரியைப் போட்டுக்கொள்கிறது. கச்சா எண்ணெய்க்கு உலகச் சந்தையில் ஏறத்தாழ ஒரே விலைதான். பங்கில் விலை மாறுவதற்கு முக்கியக் காரணம் அரசுகள் போடும் வரியும், சில நாடுகளில் கொடுக்கும் மானியமும்.

இதற்குத் தூரத்து உதாரணம் வேண்டாம், நேபாளமே போதும். நேபாளத்துக்கு எண்ணெய் விற்பது நம்முடைய இந்தியன் ஆயில் நிறுவனம். 2021 தொடக்கத்தில் பீகார் எல்லைக் கிராமத்துக்காரர்கள் கேனை எடுத்துக்கொண்டு நேபாளத்துக்குப் போய் பெட்ரோல் வாங்கி வந்தார்கள். நம்மிடமிருந்து போன எண்ணெய், எல்லைக்கு அந்தப் பக்கம் லிட்டருக்கு 20 ரூபாய்க்கு மேல் மலிவாகக் கிடைத்தது. இடையில் மாறியது வரிதான்.

நம்முடைய ஒரு லிட்டரில் என்ன இருக்கிறது?

படிக்கிற பிள்ளைகள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு அதில் மத்திய கலால் வரி 21 ரூபாய் 90 பைசா. தமிழ்நாடு அரசின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதமும், அதன் மேல் 11 ரூபாய் 52 பைசாவும். அதுவும் ஏறக்குறைய 22 ரூபாய் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் 44 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. எண்ணெய் வாங்கி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவந்து, பங்க்காரருக்குக் கமிஷனும் கொடுப்பதற்கு ஆகும் செலவு மிச்சமுள்ள 57 ரூபாய்.

இந்த வரி எப்படி ஏறியது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2014 ஏப்ரலில் மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 பைசா, டீசலுக்கு 3 ரூபாய் 56 பைசா. கொரோனா காலத்தில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை தரையைத் தொட்டது. அந்த நேரத்தில் வரியை ஏற்றி, 2020 மே மாதம் பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 பைசா, டீசலுக்கு 31 ரூபாய் 83 பைசா என்று கொண்டுவந்து நிறுத்தினார்கள். விலை இறங்கியதன் பலன் நம் கைக்கு வரவில்லை. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மீண்டும் 2 ரூபாய் ஏற்றினார்கள். மாநில அரசு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, டீசலுக்குக் குறைக்கவில்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோலையும் டீசலையும் அதற்கு வெளியே வைத்ததில் இரு அரசுகளுக்கும் வசதி இருந்தது. ஜிஎஸ்டிக்குள் கொண்டுவர வேண்டும் என்று பேசுகிறவர்கள்கூட ஆட்சிக்கு வந்ததும் அடக்கி வாசிப்பதைப் பார்க்கிறோம்.

அடுத்த விவரத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மத்திய அரசு வாங்கும் 21 ரூபாய் 90 பைசாவில் அடிப்படைக் கலால் வரி என்பது வெறும் 1 ரூபாய் 40 பைசா. மற்றதெல்லாம் சிறப்புக் கூடுதல் வரி, சாலை செஸ், வேளாண் கட்டமைப்பு செஸ். செஸ், கூடுதல் வரி என்று பெயர் வைத்துவிட்டால் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. பங்கிடக் கிடைப்பது அந்த 1 ரூபாய் 40 பைசா மட்டும். 15-வது நிதிக்குழு சொன்னபடி அதில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றால், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 பைசா. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பைசாவுக்குச் சற்று மேல். சாலை செஸ் பணத்தில் ஒரு பகுதி மாநிலச் சாலைகளுக்கும் வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் உரிமையாக வரும் பங்குக்கும், பார்த்துக் கொடுக்கும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கிறது.

மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே வருவாய் எப்படிப் பிரிகிறது என்பதை ஒரு நூலாகவே எழுதியவர் பாபாசாகேப் அம்பேத்கர். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அந்த ஆய்வு 1925-ல் லண்டனில் வெளியானது. அவரைச் சட்டமேதை என்று மட்டும் மாலை போட்டு நிறுத்திவிடுகிறோம். வரிப்பணம் யாரிடமிருந்து போகிறது, யாரிடம் சேருகிறது என்ற கேள்வியோடுதான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது.

இது எப்படி நம்முடைய பிரச்சினை?

பெட்ரோல் எல்லோரும் போடுகிறார்கள், இதை ஏன் இந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். நம் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆதிதிராவிடர். கிராமங்களின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். பஸ் நிற்பது ஊரில். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பெரும்பாலும் ஊரிலோ ஊரைத் தாண்டியோ. காலனி தள்ளி இருக்கிறது. அது தானாகத் தள்ளிப் போய் உட்காரவில்லை, தள்ளி வைக்கப்பட்டது. சாதி போட்ட அந்தத் தூரத்தைத் தினமும் கடக்க ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வேண்டியிருக்கிறது. வண்டி இல்லாதவருக்கு ஷேர் ஆட்டோ. ஒருவருடைய வசதிக்கான வண்டியும், ஒருவர் பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் ஓட்டும் வண்டியும் பங்கில் ஒரே வரியைத்தான் கட்டுகின்றன.

ரமணாசிரமத்தைச் சுற்றி இன்று எழும்புகிற தங்கும் விடுதிகளையும் அடுக்கு வீடுகளையும் கட்டுகிறவர்கள் யார்? செங்கம் சாலைப் பக்கமும் தண்டராம்பட்டுப் பக்கமும் உள்ள காலனிகளிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வரும் கொத்தனாரும் சித்தாளும்தான். போக 20, வர 20 என்று ஒருவர் தினம் 40 கிலோமீட்டர் மொபெட்டில் வந்து போகிறார் என்று வைப்போம். மாதத்துக்கு 25 நாள் வேலை என்றால் ஏறக்குறைய 20 லிட்டர். வருஷத்துக்கு 240 லிட்டர். அதில் வரி மட்டும் சுமார் 10,500 ரூபாய்.

இந்த எண்ணை மாணவர்கள் மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். கல்லூரியில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் உங்கள் காதில் விழும் ஒரு பேச்சு உண்டு: “நாங்க கட்ற வரிப்பணத்துலதான் உங்களுக்கு உதவித்தொகை.” 2025-26-ல் கொண்டுவந்த மாற்றத்தின்படி, புதிய முறையில் வருஷத்துக்கு 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி கிடையாது. அவரும் பெட்ரோல் வரி கட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் அவருடைய வருமானத்தில் 10,500 ரூபாய் என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கல் சுமக்கும் சித்தாளுக்கு அது பல நாள் கூலி. உதவித்தொகையில் படிக்கும் பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வரி கட்டுகிறவர்கள்தான். தங்கள் சக்திக்கு மீறிக் கட்டுகிறவர்கள். யார் கேட்டாலும் தலை குனியாமல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

டீசல் இன்னொரு வழியாக வந்து சேருகிறது. உழும் டிராக்டர், நெல் அறுக்கும் மிஷின், சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி எல்லாம் டீசலில் ஓடுகின்றன. விலை ஏறினால் வாடகை ஏறுகிறது. நிலம் வைத்திருப்பவர் அந்தச் செலவை ஈடுகட்டக் கை வைப்பது முதலில் கூலியில். கூலி குறைந்த வீட்டுக்குத்தான் தக்காளியும் விலை ஏறி வருகிறது.

மற்ற நாடுகளில் ஏழைகளுக்கு என்ன நடந்தது?

இலங்கையைப் பாருங்கள். 2022 நெருக்கடியில் அங்கே பெட்ரோல் லிட்டர் 470 ரூபாய்க்குப் போனது. பங்குகளில் நாள்கணக்கில் வரிசை. ஆனால் ஏழைகளை நேராக அடித்தது மண்ணெண்ணெய். அந்த ஆகஸ்டில் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆக்கினார்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மீனவர்களின் படகு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு அப்போது நாள் சம்பளம் 1,000 ரூபாய். முன்தினம் வரை ஒரு நாள் சம்பளத்துக்குப் பதினோரு லிட்டர் கிடைத்தது. மறுநாள் மூன்று லிட்டர்கூட இல்லை. நம் ஊரிலும் ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் அளவு சுருங்கிச் சுருங்கிப் போனதையும், 2020-க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் அதற்கு இல்லாமல் போனதையும் நம் அம்மாக்கள் அறிவார்கள்.

நைஜீரியாவில் 2023 மே 29 அன்று பதவியேற்ற ஜனாதிபதி, பெட்ரோல் மானியம் முடிந்தது என்று பதவியேற்பு உரையிலேயே அறிவித்தார். மாற்று ஏற்பாடு எதுவும் மக்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. சில நாட்களில் விலை இரண்டரை மடங்கானது. இந்தோனேசியாவும் 2022 செப்டம்பரில் விலையை ஏற்றியது. லிட்டர் 7,650 ரூபியாவிலிருந்து 10,000 ரூபியா. ஆனால் 2 கோடிக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு 6 லட்சம் ரூபியா ரொக்கம் கொடுக்கும் திட்டத்தைச் சேர்த்தே அறிவித்தார்கள். அது போதுமா என்று அங்கே போராட்டமும் நடந்தது. இருந்தாலும், விலை ஏறினால் ஏழைக்கு ஈடு செய்வது அரசின் கடமை என்பதை அந்த அரசு ஒத்துக்கொண்டது. ஜெர்மனி அதே ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எரிபொருள் வரியைக் குறைத்ததோடு, மாதம் 9 யூரோவுக்கு நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம் என்று டிக்கெட் கொடுத்தது.

தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்று ஒரு சின்ன நாடு. 2019 அக்டோபரில் அந்த அரசு எரிபொருள் மானியத்தை ஒரே ஆணையில் ரத்து செய்தது. டீசல் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மலைக் கிராமங்களில் உருளைக்கிழங்கும் சோளமும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பும் பூர்வகுடி மக்கள் தலைநகருக்குத் திரண்டு வந்தார்கள். காலம் காலமாக அந்நாட்டில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் அவர்கள். பத்து நாளுக்கு மேல் போராட்டம், உயிர்ப்பலியும் நேர்ந்தது. கடைசியில் அரசு அவர்களோடு உட்கார்ந்து பேசியது; பேச்சுவார்த்தையை நாடே தொலைக்காட்சியில் நேரடியாகப் பார்த்தது. ஆணை வாபஸ் ஆனது. எரிபொருள் விலை பொருளாதார நிபுணர்கள் மட்டும் பேச வேண்டிய விஷயம் என்று நினைத்தவர்களுக்கு அந்த மக்கள் பாடம் நடத்தினார்கள்.

வரி வேண்டாம் என்பதா நம் வாதம்?

இல்லை. வரி இல்லாமல் பள்ளிக்கூடம் இல்லை, விடுதி இல்லை, உதவித்தொகை இல்லை. புகையைக் குறைக்க எரிபொருளுக்கு வரி தேவை என்று சொல்வதிலும் நியாயம் உண்டு. நாம் கேட்பது, எடுத்த இடத்துக்கு அது திரும்பி வருகிறதா என்பதுதான்.

திரும்பி வந்ததற்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சித்தாள் வேலைக்கு வரும் எத்தனையோ அக்காக்களின் கையில் அந்தக் காசு நின்றது. அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை இருக்கிறது. ஆனால் காலனிக்குள் பஸ் வராவிட்டால் இலவசப் பயணம் யாருக்கு? பஸ் நிற்கும் இடம் வரை வர ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கும் மாணவிக்கு, கையில் இருக்கும் அட்டை பாதித் தூரத்துக்குத்தான் உதவுகிறது.

ஆகவே கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். செஸ், கூடுதல் வரி என்று வாங்கும் பணத்தை மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்பில் மத்திய அரசு சேர்க்க வேண்டும். மாநிலத்துக்கு வரவேண்டியது சிறுத்தால், மேம்பாட்டுத் திட்டங்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்க வேண்டிய தொகையும் சிறுத்துப்போகும். அந்த ஒதுக்கீட்டுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024-ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. லிட்டருக்கு 22 ரூபாய் வாங்கும் மாநில அரசு, அந்தச் சட்டப்படி ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு எந்தக் காலனிக்கு வந்தது என்பதை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். மினிபஸ் வழித்தடங்களை முடிவு செய்யும்போது, பஸ் போகாத காலனிகளை மாவட்ட நிர்வாகம் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாட்கோ கடனில் ஆட்டோ வாங்கும் இளைஞர்களுக்கு மின்சார ஆட்டோ வாங்கவும், அதைச் சார்ஜ் செய்ய இடம் கிடைக்கவும் வழி செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் சென்னைக்கும் டெல்லிக்கும் போக வேண்டியதில்லை. ஜனவரி 26 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடும். படிக்கிற பிள்ளைகள் அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் எத்தனை வண்டி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், அதில் வரி எவ்வளவு, பஸ் நிற்கும் இடம் எத்தனை கிலோமீட்டர் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை கிராமசபையில் படித்து, எங்கள் காலனிக்கு பஸ் வேண்டும் என்ற தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஆட்டோ தம்பியிடம் இவ்வளவும் சொன்னேன். கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருடைய வண்டிக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர்; வரி 175 ரூபாய். “அந்த வெள்ளக்காரர் சொன்ன ஒரு லிட்டர் விலையை நான் தினம் வரியாவே கட்டறனே அண்ணா” என்றார். அவருடைய ஊரில் இந்தக் கிராமசபைக்கு அவர் போவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் போங்கள்.